இரண்டாவது சாவி

"இன்னொரு சாவி இருக்குமே சார், அதையும் குடுத்துட்டுப் போங்க."

வெள்ளை வண்டிக்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளை முதல் தடவையாகப் பார்த்தார்.

"ஒண்ணு குடுத்தேனே."

"இது வீட்டு அலமாரில கெடந்தது சார். பொத்தான்ல தேய்மானமே இல்ல. நீங்க தினமும் எடுக்கறது அந்தக் கொத்துல இருக்கு."

அவர் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பெட்டகச் சாவி, நடுவில் கறுப்பாக வண்டிச் சாவி.

"என் வீட்டுச் சாவியும் இதுலதான் இருக்கு. வீட்டையும் சேத்து சர்வீஸ் பண்ணிக் குடுப்பீங்களா?"

"வண்டிச் சாவிய மட்டும் கழட்டிக் குடுங்க, போதும். வேலை நடக்கும்போது அந்தப் பொத்தான அமுக்கினா கூரை அசையும். உள்ள ஒருத்தர் கை இருக்கும்."

"நான் ஏம்மா அமுக்கப் போறேன்? சின்னப் பிள்ளையா நானு?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி அமுக்கினவரும் சின்னப் பிள்ளை இல்ல சார்."

அவர் முகம் சுருங்கியது. "மானேஜர் எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாடிக்கையாளர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். கொத்து அவர் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அவள் வேலைச் சீட்டில் 'இரண்டாவது சாவி: தரவில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். கோடு தாளைக் கிழித்துவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லப்பட்ட விஷயம். சொன்னவர் மானேஜர். "ஒருத்தர்கிட்ட ரெண்டாவது சாவியக் கேட்டா, உன்னை நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. அவங்க வாங்கியிருக்கறது வண்டி இல்ல, மரியாதை. புரியுதா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் பட்டறையில் சிரிப்பு என்று பெயர். சிரிக்காமல் அவர் எது சொன்னாலும் பயப்பட வேண்டியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு வைத்த பெயர் டிகிரி. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான், அந்தப் பட்டறையிலும் அவள்தான். "டிகிரி, இதப் படிச்சுச் சொல்லு" என்பவர்களும் உண்டு, "டிகிரி படிச்சும் நம்ம கூடத்தான் டீ குடிக்குது" என்பவர்களும் உண்டு.

அவளைப் படிக்க வைத்தது ரப்பர். அம்மா பதினொரு வருடமாக அதே பட்டறையில் கூரை வேலை பார்த்தாள். அங்கே வரும் வண்டிகளின் கூரை துணி இல்லை, இரும்பு. பொத்தானை அமுக்கினால் டிக்கியின் மூடி பின்பக்கமாகத் திறக்கும், கூரை மூன்று துண்டாக மடிந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். துண்டும் துண்டும் சேரும் இடத்திலெல்லாம் ரப்பர் பட்டை. அதில் தூசு படிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், காய்ந்துபோனால் ஓட்டும்போது கிறீச்சிடும். அந்த இடுக்குகளுக்குள் ஆம்பிளைக் கை போகாது. அம்மாவின் கை போகும். கூரையைப் பாதியில் நிறுத்தி, மெல்லிய சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு விரல் நுனியில் ரப்பருக்கான மசகுப் பசையைத் தொட்டு, பட்டை முழுக்கக் குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி தடவுவாள். கடைசியில் தண்ணீர் வடியும் துளைகளில் அடைத்திருக்கும் இலைச் சருகை எடுப்பாள். பட்டறையில் அவள் ரப்பரக்கா.

பாதியில் நிற்கும் கூரை நம்பக்கூடியதல்ல. பேட்டரியைக் கழற்றிவிட்டு, தாங்கு கம்பியை முட்டுக்கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கிறது. மகள் அதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறாள். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் கண்ணாடி, கூரை, கடிகாரம் எல்லாவற்றுக்கும் மறுபடி பாடம் எடுக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம். "ரப்பர் தொடைக்க அரை மணியா?" என்று சிரிப்பு அதை நிறுத்திவிட்டார். தாங்கு கம்பி ஒருமுறை ஒரு வண்டியின் உள்துணியைக் கீறியது. அன்றிலிருந்து அது அவர் அலமாரியில். அதற்குப் பதிலாகத் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை. கூரை தானாக இறங்கினால் கட்டை தாங்கும். யாராவது பொத்தானை அமுக்கி, கூரையை அசைக்கும் பம்பு தள்ளினால் தாங்காது.

அதனால் அம்மா தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். சாவியை எடுத்து நீலச் சட்டையின் உள்பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டின் வாயை ஊக்கால் மூடுவாள். மேலே இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகும். பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட அந்த இரண்டு தட்டு தவறியதில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால், "இரு, ஊக்கு குத்திக்கறேன்" என்பாள். அது ஏதோ விரதம் மாதிரி என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள்.

சாவி தன்னிடம் இருந்தால் வண்டி தன்னிடம் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, சிவப்பு வண்டிக்காரர் ஒருவர் வந்தார். அவரும் மாற்றுச் சாவியைத்தான் கொடுத்தார். அவர் கொத்தில் இன்னொன்று தொங்கியதை மகள் பார்த்தாள். கேட்க வாய் வந்தது. சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கேட்கவில்லை. வாடிக்கையாளர் அறை முழுக்கக் கண்ணாடி, தங்கள் வண்டிக்கு நடக்கும் பணிவிடையை அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. அங்கிருந்து கூரை வேலை நடக்கும் இடம் நாலெட்டு. அவர் ஒரு கையில் கொத்தோடு, கைபேசி வீடியோவில் யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், இங்க பாரு, உக்காந்த எடத்துலேருந்தே..."

கட்டை முறிந்த சத்தம் அவள் மேசை வரை கேட்டது.

ஓடியபோது அம்மா அழவில்லை. "திருப்பி அமுக்கச் சொல்லு, திருப்பி அமுக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் பயத்தில் சாவியைச் சோபா இடுக்கில் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். இவள் அம்மாவின் பாக்கெட் ஊக்கைத் திறக்கப் போராடினாள். ஊக்கு திறக்கவில்லை. அதற்குள் அவர் சாவியைக் கண்டெடுத்து அமுக்கிவிட்டார். கூரை எழுந்தது. அம்மாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எழவில்லை.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பட்டைய எதால தொடச்சாங்க?"

"எந்தப் பட்டை?"

"ரத்தம் பட்டிருக்குமில்ல. பெட்ரோல் கிட்ரோல் போட்டுத் தொடச்சிருந்தா ரப்பர் ஊதிப்போயிடும். சோப்புத் தண்ணிதான் போடணும்னு சொல்லு."

மகளுக்கு வந்த கோபத்தில் கட்டிலைப் புரட்டியிருப்பாள். அம்மா அதில் படுத்திருந்தாள்.

இப்போது கூரை வேலைக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். பெயர் யாரும் கேட்கவில்லை, புதுசு என்றே கூப்பிட்டார்கள். அம்மாவின் நீலச் சட்டையைப் போலவே ஒன்று, இரண்டு அளவு பெரியது. வெள்ளை வண்டியின் கூரை பாதியில் நிற்க, கையில் ஈரத்துணியோடு காத்திருந்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் கைய வெக்காத" என்று மகள் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"எவ்ளோ நேரம்க்கா? துணி காயுது."

"காயட்டும்."

மேசைத் தொலைபேசி அடித்தது. சிரிப்புதான். "டிகிரி, கொஞ்சம் உள்ள வா. உங்கம்மா வந்திருக்காங்க."

அம்மா வருவதாகச் சொல்லவில்லை. பின்வாசல் வழியாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். மானேஜர் அறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் ஏதோ அடுத்தவர் பொருளை வைத்திருப்பது போல வைத்திருந்தாள். கட்டுக்கு வெளியே கட்டைவிரல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள். பக்கத்தில் மூடி திறந்த மைப்பெட்டி.

"உக்காரும்மா" என்றார் சிரிப்பு.

அவள் உட்காரவில்லை. "இது எதுக்கு?"

"ஒரு விளக்கம், அவ்வளவுதான். மேல கேக்கறாங்க. அக்காவுக்கு எல்லாம் சொல்லிட்டேன். இனிமே ரப்பர் வேலை வேணாம், கஸ்டமர் ரூம்ல தண்ணி குடுத்துக்கிட்டு, கண்ணாடி தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம். உனக்கும் பிரச்சினை இல்ல. காலைலயே ஒரு கஸ்டமர்கிட்ட வாயக் குடுத்திருக்க, அதையும் நான் பெருசு பண்ணல."

"மைப்பெட்டி எதுக்குன்னு கேட்டேன்."

"கை முடியலையே பாவம். கட்டை விரல் போதும்."

"எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

அம்மா அதைக் கற்றுக்கொண்டதற்கு ஒரு கதை உண்டு. இவள் ஆறாம் வகுப்பில் படித்தபோது மதிப்பெண் அட்டையில் அம்மா கட்டைவிரல் வைத்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சு சிரித்தது. அன்று சாயங்காலமே இவள் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதம், ஐந்து எழுத்து. அதற்குப் பிறகு அம்மா எங்கேயும் மை தொட்டதில்லை. சம்பளத் தாளில், வரிசையில் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டுக்கூட, நிதானமாகக் கையெழுத்துப் போடுவாள்.

"நீ சும்மா இருடீ" என்றாள் அம்மா. "ஒரு விரல் வெக்கறதுல என்ன வந்துடப்போகுது. உன் வேலைய நெனச்சுப் பாரு." சொல்லிக்கொண்டே கட்டைவிரலை மையில் அழுத்தினாள். பழக்கமில்லாமல் நிறைய அழுத்திவிட்டாள். நகம் வரை நீலம்.

"ஒரு வாட்டி வாசிச்சுடறேன் அக்கா, அப்புறம் வாசிக்கலைன்னு சொல்லக் கூடாது" என்று சிரிப்பு தாளை எடுத்தார். "சம்பவத்தன்று நான் வண்டியின் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, என் கவனக்குறைவால்..."

"என்னது?"

"கவனக்குறைவு. அது சும்மா ஒரு வார்த்தை."

"அதுக்கு முன்னாடி."

"சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு."

அம்மாவின் விரல் மேசைக்கு மேலே அப்படியே நின்றது. "சாவிய வண்டியில விட்டேனா? நானா?"

"எல்லாம் ஒண்ணுதான் அக்கா."

"எப்படி ஒண்ணாகும்? கவனமில்லன்னு எழுதிக்குங்க. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, என்ன வேணா எழுதிக்குங்க. சாவிய விட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. பதினொரு வருஷம் சார். ஊக்கு குத்தாம ஒருநாள் கை வெச்சிருப்பேனா?"

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றாள் மகள்.

"பெத்த மக பாத்தேன்னா, அம்மாவுக்காகச் சொல்றான்னுதான் எழுதுவாங்க." அவர் சிரித்தார்.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேசைக்கும் சன்னலுக்கும் நடந்தாள். சன்னல் வழியாகப் புதுசு தெரிந்தாள், துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளை வண்டிக்காரர் விரலில் கொத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில அம்மாவோட சட்டைய வெட்டி எடுத்து ஒரு பைல போட்டுக் குடுத்தாங்க" என்றாள். "பாக்கெட் ஊக்கு போட்டபடியே இருந்துச்சு. உள்ள சாவி. சாயங்காலம் நீங்கதான் எனக்குப் போன் பண்ணீங்க. சாவி உங்ககிட்ட இருக்கா, அவசரமில்ல, கஸ்டமர் இன்னொரு சாவியில வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்னு. மறுநாள் காலைல நான் கொண்டுவந்து குடுத்தேன்."

"நான் அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லையே."

"சாவிப் புத்தகத்துக்கு ஞாபகம் இருக்கு. திரும்பி வந்த தேதி, நேரம், என் கையெழுத்து. வண்டி வெளிய போன நேரம் வாட்ச்மேன் புத்தகத்துல இருக்கும். வண்டி வெளிய போன மறுநாள் திரும்பி வந்த சாவி எப்படி சார் வண்டிக்குள்ள இருந்திருக்கும்?"

சிரிப்பு தாளைக் கீழே வைத்தார். சன்னல் பக்கம் பார்த்தார். உள் ஒலிபெருக்கியின் பொத்தானை அமுக்கி, "கூரைல யாரு நிக்கறது? எதுக்கு வேடிக்கை? கைய வெச்சு வேலைய ஆரம்பி" என்றார்.

புதுசு இங்கே பார்த்தாள். பிறகு குனிந்தாள். பெரிய சட்டைக் கை முட்டி வரை வழுக்க, கை இடுக்குக்குள் போனது.

மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் அம்மாவின் குரல் ஓடியது. அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது.

"கைய எடுடீ!"

புதுசு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்வாங்கியதில் சோப்புத் தண்ணீர் வாளி கவிழ்ந்தது.

வாடிக்கையாளர் அறைக்குள் மகள் முதலில் நுழைந்து உள்ளங்கையை நீட்டினாள். இந்த முறை சார் போடவில்லை. "சாவி."

"என்ன இது, மானேஜர்..." என்று வெள்ளை வண்டிக்காரர் எழுந்தார். அவளுக்குப் பின்னால் வந்து நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டவில்லை. அது தானாகவே தெரிந்தது. இடது கையை நீட்டினாள். "வளையத்தக் கழட்டிக் குடுங்க சார். நானே கழட்டிக்குவேன், இப்ப அதுக்கு விரல் இல்ல."

அந்த வளையம் இறுக்கமானது. அவர் நகத்தால் நெம்பினார், வழுக்கியது, மறுபடி நெம்பினார். வியர்த்துவிட்டது. ஒருவழியாகச் சாவி கழன்று அம்மாவின் கையில் விழுந்தது. "எனக்குத் தெரியாதும்மா" என்றார், யாரையும் பார்க்காமல்.

"தெரியாதுன்னுதான் கேட்டேன்" என்றாள் மகள்.

ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடந்து அம்மா புதுசிடம் போனாள். "உள்பாக்கெட் எங்க?" புதுசு சட்டையை விரித்துக் காட்டினாள். ஒரு சாவி அதில் சும்மா கிடந்தது. அம்மா இரண்டாவதையும் போட்டு, தன் உடையின் தோள்பட்டையிலிருந்து ஊக்கை எடுத்து, இடது கையாலும் மிஞ்சிய கட்டைவிரலாலும் பாக்கெட்டின் வாயை மூடினாள். நேரமானது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பாள்.

"ரெண்டு சாவியும் இங்க இல்லாம கைய வெக்காத. யாரு மைக்ல கத்தினாலும் சரி." இரண்டு தட்டுத் தட்டினாள்.

கையை எடுத்தபோது, புதுச் சட்டையின் பாக்கெட் மேல் மையின் கருநீலத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, ஒரு கோடு விடாமல்.

சிரிப்பு அறை வாசலில் தாளோடு நின்றார். "டிகிரி, இதுல அம்மா விரல் வெக்காம இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது. நல்லா யோசிச்சுக்கோ." அவர் சிரிக்கவில்லை.

யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் மேசைக்குப் போய்ச் சாவிப் புத்தகத்தைத் திருப்பி, தன் கையெழுத்துள்ள பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்தாள். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். சோற்றுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

வாசலில் வாட்ச்மேன் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணே, மூணு வாரத்துக்கு முன்னாடி, சிவப்பு வண்டி வெளிய போன பக்கம் வேணும்."

"அதெல்லாம் காட்டக் கூடாதும்மா, என் வேலை போயிடும்" என்றார் வாட்ச்மேன். புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, ஒரு பக்கத்தில் கல்லைத் தூக்கி வைத்தார். "தொண்ட காயுது. தண்ணி குடிச்சுட்டு வரேன். காத்துல ஏதாவது பக்கம் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல."

பகல் ஒன்று நாற்பது. சிவப்பு வண்டி, வெளியே. அவள் இரண்டு படம் எடுத்தாள், நேரம் தெளிவாகத் தெரிய, கிட்டேயிருந்து மூன்றாவதும் எடுத்தாள்.

திரும்பி வந்தவர், "போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும், அது ரூல்" என்று இன்றைய பக்கத்தைத் திருப்பினார். மகள் கிறுக்கிவிட்டுப் பேனாவை மூடப் போனாள்.

"குடு இங்க" என்றாள் அம்மா.

"நீ இன்னிக்கு வேலைக்கு வரலம்மா, போட வேணாம்."

"உள்ள வந்தேன்ல. குடு."

பேனாவைக் கட்டைவிரலுக்கும், கட்டுக்குள் மடங்கியிருந்த மோதிர விரலுக்கும் நடுவில் செருகினாள். கட்டுத் துணி தாளை மறைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்து முதல் எழுத்தை எழுதினாள். அது பாதி வரியைத் தின்றுவிட்டது. இரண்டாவது எழுத்தில் பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள் மகள். பின்னால் ஒரு வண்டி வந்து நின்று ஆரனை அடித்தது. மறுபடியும் அடித்தது.

"மீதிய அங்க போய்ப் போடறேன்" என்று அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "தொழிலாளர் ஆபீஸ் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"அஞ்சு."

"பஸ்ஸு?"

"நடந்தே போயிடலாம்."

வண்டிக்காக வாட்ச்மேன் தடுப்புக் கம்பை உயர்த்தினார். கூரை மடித்த வண்டி, உள்ளே பாட்டு, வழி கேட்டு மூன்றாவது தடவை ஆரன். மகள் ஒதுங்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உயர்ந்த கம்புக்கு நேர் கீழே, வழியின் நடுவில் நடந்து வெளியே போனாள்.